இடது கன்னமும் வலது கையும்

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் எனக்கு ஒரு பேர் உண்டு. நெல் மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவினால் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். மெஷின் வைத்துப் பார்த்தாலும் பெரிதாக மாறாது. இந்தக் கை சொன்னால் சொன்னதுதான் என்கிற திமிர் எனக்கு வீட்டிலும் இருந்தது. அந்தத் திமிரால்தான் என் மனைவியின் கன்னம் வெந்தது.

நாங்கள் தொண்டூர்ப் பக்கத்து ஜைனர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். அவள் அதற்கும் ஒரு படி மேலே. சதுர்த்தசி தவறாமல் விரதம், அன்றைக்குக் காய்ச்சிய தண்ணீர் மட்டும்தான். போன வருஷம் அப்படி ஒரு சதுர்த்தசியன்று காலையில், துணி காயப்போட மாடிக்குப் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாடியே சுற்றுகிறது என்றாள். வாந்தியும் விக்கலும் வேறு. விரத நாளில் தலை சுற்றினால் எங்கள் வீட்டில் யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை.

"வெறும் வயிறு, பித்தம். படுத்துக்கோ. நாளைக்கு சாப்டா சரியாப் பூடும்" என்று சொல்லிவிட்டு நான் கமிட்டிக்குக் கிளம்பினேன். அன்றைக்கு வரத்து அதிகம்.

மறுநாள் சாப்பிட்டாள், சுற்றலும் குறைந்தது. விக்கல் மட்டும் விடவில்லை. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. மூன்றாம் நாள் காலை, குளித்துவிட்டு வந்தவள் ஈரத் தலையோடு என் முன்னால் நின்றாள்.

"இன்னாங்க, இடது கன்னத்துல சுடுதண்ணி பட்டா சூடே தெரியல. வலது கையிலயும் அப்படித்தான் இருக்குது."

நான் சிரித்தேன். "கன்னம்னா இடது, கைன்னா வலதா? வியாதி கூட உனக்குக் கோணல்மாணலாத்தான் வருமா?"

சிரித்ததோடு விட்டிருக்கலாம். சோதனை செய்யப் போனேன். கண்ணை மூடச் சொல்லி, விளக்குத் திரியிலிருந்து ஒரு நூல் பஞ்சைப் பிய்த்து, இடது கன்னத்தில் பட்டும் படாமல் தொட்டேன். "தொட்டீங்க" என்றாள். நெற்றி, மூக்கோரம், தாடை. "இங்க. இங்க." ஒன்றுகூடத் தவறவில்லை. வலது உள்ளங்கையிலும் அப்படியே.

"பஞ்சு படறது தெரியுது, சூடு தெரியாதா? எல்லாம் மனசுதான். உப்பு வறுத்து ஒத்தடம் குடு, போதும்."

அவள் உப்பு எடுக்க அடுப்படிக்குப் போனாள். எதிர்த்துப் பேசியிருந்தால் நான் கத்தியிருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். உப்பு முடிச்சை வலது கையில் பிடித்து, இடது கன்னத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இதமா இருக்குதா?"

"ஒன்னும் தெரியல. அதான் இன்னும் கொஞ்சம் சூடு பண்ணேன்."

முடிச்சை வாங்கியவன் அப்படியே கீழே போட்டுவிட்டேன். என்னால் பிடிக்க முடியவில்லை. அவள் கன்னம் கன்றிச் சிவந்து, ஓரத்தில் கொப்புளம் எழும்பியிருந்தது. கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் எவரும் கன்னத்துக்குக் கொண்டுபோவார்கள். அவளும் பார்த்திருக்கிறாள், அந்த வலது கையில். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே பயம் வந்தது.

பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் பஞ்சால் தொட்டார், பிறகு ஊசி முனையால். பஞ்சு எல்லா இடத்திலும் தெரிந்தது. ஊசி, இடது முகத்திலும் வலது கையிலும் காலிலும் குத்தவே இல்லை. ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். முகத்தில் படுகிற எல்லாமே மூளைத்தண்டு வழியாகத்தான் போகிறதாம். தொடுகை, உள்ளே நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்கிவிடும். சூடும் வலியும் அதே தண்டில் இன்னும் கீழே போய் இறங்கி, பிறகுதான் மேலே ஏறும். இவளுக்கு அந்தக் கீழ்ப்பகுதியில் இடது பக்கம் ரத்த ஓட்டம் அடைபட்டிருக்கிறது. வலது பக்கத்து உடம்பின் சூடும் வலியும் முதுகுத்தண்டிலேயே இடது பக்கம் தாண்டி வந்து, அதே இடத்தை ஒட்டித்தான் மேலே ஏறுமாம். கையில் படுகிற தொடுகைக்கு வழி வேறாம்.

எனக்கு பஸ் கணக்கில்தான் புரிந்தது. திண்டிவனத்தில் ஏறிய இருவரில் ஒருவன் செஞ்சியிலேயே இறங்கிவிடுகிறான், மற்றவன் அனந்தபுரம் போக வேண்டும். அனந்தபுரம் ரோடு உடைந்திருந்தால், செஞ்சியில் இறங்கியவனைக் கேட்டு என்ன பிரயோஜனம்? நான் அவனைத்தான் கேட்டிருக்கிறேன். வீட்டில் பஞ்சு வைத்துப் பார்த்ததைச் சொன்னேன்.

"பஞ்சால பார்த்தது தப்பில்லீங்க. பாதிதான் பார்த்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. "இது ஸ்ட்ரோக். தலை சுத்துன அன்னிக்கே ஏன் வரல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அன்னிக்கு நான் இவருகிட்ட சொல்லவே இல்லீங்க."

சதுர்த்தசி விரதத்தில் ஒரு வாய் பால்கூடத் தொடாதவள், எனக்காக ஒரு பொய் சொன்னாள். அதைத் திருத்த எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

மாத்திரை சாப்பிடுகிறாள். குரல் திரும்பிவிட்டது, நடையும் சரியாகிவிட்டது. சூடு மட்டும் திரும்பவில்லை. குளிக்கும் தண்ணீரை நான்தான் கை வைத்துப் பார்த்துக் கொடுக்கிறேன். இடது கையாலேயே பார்த்துக்கொள்வேன் என்கிறாள், நான் விடுவதில்லை.

போன வாரம் கமிட்டியிலிருந்து பாதியிலேயே வந்து படுத்துவிட்டேன். "ஜுரம் மாதிரி இருக்குது" என்றேன். அடுப்படியிலிருந்து ஓடி வந்து, பழக்கத்தில் வலது கையை என் நெற்றியில் வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்தபடியே இருந்தாள். பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது போலிருக்கிறது. கையை எடுத்து ஒருமுறை பார்த்தாள். இடது கையை வைத்துப் பார்ப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"இந்தக் கைக்குத் தெரியல. அதனால இன்னா, நீங்கதான் சொல்றீங்க இல்ல" என்றாள். "கஞ்சி வைக்கிறேன். பொழுது போறதுக்குள்ள குடிச்சிடுங்க."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.