பின்சீட்டுக்காரர்

பல் செட்டுக்காரருக்கு எதைக் கண்டாலும் பயம். லிஃப்டில் ஏறினால் கதவு மறுபடி திறக்கும்வரை மூச்சு விட மாட்டார். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துச் செயற்கைப் பற்கள் செய்து கொடுப்பது அவர் தொழில். ஆனால் தன் கடைவாய்ப் பல் வலித்தபோது ஒரு டாக்டரிடமும் வாயைத் திறக்காமல், கன்னம் வீங்க ஒரு வாரம் உட்கார்ந்திருந்தவர்.

அவருக்கு வாய்த்த மனைவியோ பெண்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். மாணவிகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவரும் மாஸ்டரம்மா என்றே கூப்பிடுவார். கல்யாணமானது முதல் அவருக்குப் பின்சீட்டுதான். ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் தோளைப் பிடித்தால், இறங்கும்வரை விட மாட்டார்.

"தோளைக் கொஞ்சம் விடுங்க, கழண்டு கையோட வந்துடப் போகுது" என்பாள்.

பிறகு அவள் முழங்கால் தேய்ந்துபோய் அறுவை சிகிச்சை ஆயிற்று. இனிமேல் இரண்டு சக்கரமே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்னார். அவள் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்கப் பாவமாக இருந்தாலும், பல் செட்டுக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்தப் பால் சீக்கிரமே திரிந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் ஒரு பெரிய பெட்டி. உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு பந்தய மோட்டார் சைக்கிள், துண்டு துண்டாக. ரிமோட்டில் ஓட்டுவது. சுண்டைக்காய் அளவு என்ஜின். கூடவே, மண்டையோடு படம் போட்ட ஒரு கேன் நிறைய நைட்ரோ எரிபொருள்.

"டாக்டர் வேண்டாம்னாரே?"

"ஓட்டக் கூடாதுன்னுதானே சொன்னார்? ஓடவிடக் கூடாதுன்னு சொல்லலையே."

"பேட்டரில ஓடுறதா வாங்கியிருக்கலாமில்ல?"

"சத்தமே இல்லாம ஓடினா அது வண்டியா, பொம்மையா? நீங்கதான் மாட்டித் தரணும். எனக்கு இந்தப் பொடி திருகெல்லாம் கையில நிக்காது."

அவர் தட்டிக்கழிக்கப் பார்த்தார், முடியவில்லை. பற்களுக்கு மெழுகு செதுக்கும் மேஜையில் வண்டி உருவாகத் தொடங்கியது. பின்சக்கரத்துக்குள் கனமான உலோகத் தட்டு ஒன்று. அது வேகமாகச் சுழல்வதால்தான் வண்டி சாயாமல் நிற்குமாம். கைகள் பாட்டுக்கு வேலை செய்தன. மனசு மட்டும் கையேட்டின் எச்சரிக்கைப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. இந்த எரிபொருள் தீப்பிடித்தால் வெயிலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது என்று அதில் போட்டிருந்தது. தெரியாத நெருப்பிலிருந்து மனுஷன் எப்படி ஓடுவான்? கேனை அடுக்களையிலிருந்து குளியலறைக்கு மாற்றினார், அங்கிருந்து பால்கனிக்கு. வீட்டில் பாம்பு குடிவந்த மாதிரி, எந்த அறைக்குள் போனாலும் அது எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டார்.

ஒரு மரக்கிடங்கின் பின்னால் அகலமான சிமெண்ட் தளம் இருந்தது. விடுமுறை நாளில் அங்கே ஓட்டிக்கொள்ள வாட்ச்மேன் அனுமதித்தார். பல் செட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரும் சுமந்து வந்ததைப் பார்த்து மாஸ்டரம்மா, "குளிக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

வண்டியைக் கிளப்பும் கயிற்றை இழுத்ததும் என்ஜின் குளவிக் கூடு கலைந்ததுபோல் கத்தியது. நீலப் புகை கக்கியது. புது என்ஜின் பழகும்வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்பதால் முதல் சில வாரங்கள் வண்டி ஊர்ந்தது. அவருக்கும் உயிர் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன்பின் ஒருநாள் அவள் முழு வேகம் கொடுத்தாள். வண்டி சிட்டாய்ப் பறந்தது. ஊன்றுகோலை அக்குளில் இடுக்கியபடி, வளைவுக்கு வளைவு தானும் சாய்ந்து சாய்ந்து நின்றாள். அவள் இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆகிவிட்டது! அவருக்கு அதைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, எப்போது முடியும் என்றும் இருந்தது.

எரிபொருள் தீர்ந்து வண்டி நின்றது.

"சூடு ஆறட்டுமே" என்றார்.

"ஒரே ஒரு சுத்து. வெயில் ஏறிட்டா கிளம்பிடலாம்." காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, கேனோடு வந்த குப்பியால் எரிபொருளை டேங்கில் பீய்ச்சினாள். அவசரத்தில் வழிந்துவிட்டது. அவள் சட்டைக் கைமேலும், கொதித்துக் கிடந்த புகைக்குழாய்மேலும் சிந்தியது.

அவருக்கு முதலில் தெரிந்தது நெருப்பல்ல. அவளுக்குப் பின்னாலிருந்த சுவரின் செங்கல் வரிசை கானல்போல் நெளிந்தது. அடுத்து, வண்டியின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் தானாகச் சுருங்கியது. கால்கள் சிமெண்டோடு சேர்ந்து இறுகிவிட்டன. அதற்குள் அவளே கையை உதறி, "ஐயோ, என்னமோ சுடுதுங்க!" என்று அலறினாள். எழ முயன்றாள்; முழங்கால் மடங்கவில்லை.

எப்படி ஓடினார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. வாளியைத் தூக்கி அவள்மேல் அப்படியே கவிழ்த்தார். மிச்சத்தை வண்டிமேல் ஊற்றினார். அவளைப் பின்னால் இழுத்துப்போட்டு, எரிகிறதா அணைந்ததா என்று புரியாமல் அவள் கை முழுக்கத் தன் உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார்.

முழங்கைவரை தோல் சிவந்து கொப்புளித்திருந்தது. மருந்து போட்டு ஆறிவிட்டது. ஆனால் அவள்தான் பழைய ஆளாக இல்லை. அடுப்பு பற்றவைக்கக் கை நடுங்கியது. குக்கர் விசிலுக்குத் திடுக்கிட்டாள். "அந்தச் சனியனை யாருக்காவது கொடுத்துடுங்க" என்றாள்.

அவர் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நிம்மதி வரவில்லை. இத்தனை வருஷமும் இந்த வீட்டில் பயப்படுவது அவர் வேலை. பயப்படாமல் இருப்பது அவள் வேலை. அவளும் பயந்துவிட்டால் யார் தோளைப் பிடிப்பது? எரிபொருளைவிட இந்த யோசனைதான் அவரை அதிகம் கிலி பிடிக்க வைத்தது.

சொல்லாமல் கொள்ளாமல் வண்டியைப் பிரித்தார். நனைந்த பாகங்களைத் துடைத்துக் காயவைத்தார். உருகிய பிளாஸ்டிக்குக்குப் பதில், பல் செட்டுக்கு ஊற்றும் ரோஸ் நிறக் கலவையில் ஒரு தகடு வார்த்தார். அடுத்த விடுமுறைக்கு, "சும்மா காத்தாட" என்று அவளைக் கிடங்குக்குக் கூட்டிப்போனார். பையிலிருந்து வண்டியை எடுத்ததும் அவள் முகம் வெளுத்தது.

"வேண்டாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார். "நீ அந்த மரக்கட்டை மேல உட்காரு."

எரிபொருளைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். கயிற்றை இழுத்ததும் கிளம்பிய சத்தத்தில் ரிமோட்டைக் கீழே போடப் பார்த்தார். வண்டி கிளம்பி, குடித்தவன் மாதிரி தள்ளாடி, சுவரை நோக்கிப் போனது.

"திருப்புங்க! திருப்புங்கன்னா!"

திருப்பினார். வண்டி பொத்தென்று சாய்ந்து, பின்சக்கரம் சுழலக் கிடந்து கத்தியது.

"வேகத்தைக் குறைக்காம யாராவது திருப்புவாங்களா? கண்ணைத் திறந்து வச்சிருக்கீங்களா இல்லையா?"

அப்போதுதான் தான் கண்ணை மூடியிருந்தது அவருக்குத் தெரிந்தது. நிமிர்த்தி மறுபடி விட்டார். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை விழுந்தபோது பின்னால் ஊன்றுகோல் தட்டும் சத்தம் நெருங்கி வந்தது.

"கொடுங்க இப்படி. பார்க்கச் சகிக்கலை."

அவள் விரல்கள் இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. அவர் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு, அவளுக்கு ஓரடி பின்னால் போய் நின்றுகொண்டார்.