வேட்டை நாளில் ஒரு பொது அறிவுப் போட்டி

2006ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், பிள்ளைகளுக்கு இலையுதிர்கால விடுமுறை விட்டிருந்த வாரம். ஒஸ்லோவில் நாங்கள் வசிக்கும் ரொம்சோஸ் குடியிருப்பில் கடைசி மாடிக்கட்டடம் முடிகிற இடத்திலேயே காடு தொடங்கிவிடும். அந்தக் காட்டில்தான் இது நடந்தது. மூன்று வருடமாகிவிட்டது. இப்போதும் ஒக்டோபர் பிறந்தால் நான் அந்தப் பக்கம் நடக்கப் போவதில்லை.

இந்த நாட்டில் பள்ளிக்கூடங்களும் சங்கங்களும் நடத்துகிற ஒரு விளையாட்டு உண்டு. காட்டுப் பாதையோரத்து மரங்களில் கொஞ்சத் தூரத்துக்கு ஒன்றாகக் கேள்வித்தாள்களைக் கட்டிவிடுவார்கள். பிள்ளைகள் பாதை வழியே நடந்து, ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று வாசித்து, விடையை எழுதிக்கொண்டு போகவேண்டும். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்றை வருடாவருடம் நடத்திவந்தோம். கேள்விகள் தமிழில் இருக்கும். அவற்றைத் தயாரிப்பது என் வேலை.

எனக்குப் பொது அறிவு என்றால் ஒரு பைத்தியம். ஊரில் போட்டிப் பரீட்சைகளுக்காகப் பாடமாக்கியதெல்லாம் இன்னும் தலைக்குள் கிடக்கிறது. ஒஸ்லோவில் நான் பார்க்கிற ஆய்வுகூட வேலைக்கு அது எதற்கும் உதவவில்லை. அதனால் எல்லாவற்றையும் அந்தக் கேள்வித்தாள்களில் இறக்கிவைத்தேன். உலகின் முதல் பெண் பிரதமர் எந்த நாட்டவர்? 1940இல் ஒஸ்லோவைப் பிடிக்க வந்து கடலிலேயே மூழ்கடிக்கப்பட்ட ஜேர்மன் போர்க்கப்பலின் பெயர் என்ன? இந்த நகரத்தில் திருட்டுப்போய், அந்தக் கோடை முடிவில்தான் திரும்பக் கிடைத்திருந்த ஓவியம் எது? துருக்கியின் தலைநகரம் எது? இப்படி அரசியல், போர், கலை, புவியியல் எல்லாம் கலந்திருக்கும்.

போட்டியைப் பொறுப்பெடுத்து நடத்துகிற நண்பர் அன்று காலையில் கேள்விகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணை, இது பிள்ளையளுக்கோ, இல்லாட்டி நிர்வாக சேவைப் பரீட்சைக்கோ? தாய் தேப்பனையெல்லோ முதல் ரியூசனுக்கு விடவேணும்!"

"கஷ்டமாய் இருந்தாத்தான் தேடிப் படிக்குங்கள்" என்றேன்.

நோர்வேஜியர்கள் இந்த விளையாட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகத்தான் அனுப்புவார்கள். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. கூட்டமாகப் போனால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிடுவார்களே! அதனால் சின்னப் பிள்ளைகள் தாய் தகப்பனோடு, பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் இடைவெளி விட்டுத் தனித்தனியாக. பாதை நன்றாக மிதிபட்ட பாதை. சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். குளிர்காலத்தில் விளக்குப் போட்டுப் பனிச்சறுக்கும் பாதை அது. ஒருவரும் பயப்படவில்லை. வழமையாக ஞாயிற்றுக்கிழமை நடத்துவோம். அந்த முறை மட்டும் விடுமுறை வாரம் என்பதால் வார நாளில் வைத்தோம். வார நாளில் காட்டுக்குள் வேறு என்ன நடக்கும் என்று எங்களில் யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. போட்டி என்றால் உயிரைக் கொடுப்பாள். அன்று குளிர் என்று மனைவி புதிதாக வாங்கிக் கொடுத்திருந்த மண்ணிற ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். மனைவிக்கு வேலை. நானும் மகளும்தான் போனோம். கடைசியாகப் புறப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. "நேரா போ, இருந்து யோசிச்சு எழுது" என்று சொல்லி அனுப்பினேன். "தெரியுமப்பா!" என்று எரிச்சலோடு போனாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நெருப்பு மூட்டித் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தோம். மகளுக்குப் பின்னால் போன பையன் வந்துவிட்டான். அவளைக் காணவில்லை.

"தம்பி, அக்கா எங்கை?"

"அக்காவை நான் காணேல்லை மாமா. ஏழாவது கேள்வி மரத்திலை இல்லை. நான் அதை விட்டிட்டு எட்டாவதுக்கு வந்திட்டன்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இவன் விட்டுவிட்டு வருவான். என் மகள் விடமாட்டாள். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. காற்றில் பறந்துபோன தாளைத் தேடிப் பாதையை விட்டு இறங்கியிருப்பாள்.

அந்த நேரத்தில்தான் அந்தச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு வெடி. மலையில் பட்டு உருண்டு வந்தது.

"பட்டாசு கொளுத்துறாங்கள் போல" என்றார் நண்பர்.

அது பட்டாசு இல்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமல் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏழாவது மரத்துக்குக் குறுக்குவழி இருக்கிறதா என்று பார்க்க, பாதை தொடங்குமிடத்தில் இருந்த அறிவித்தல் பலகைக்கு ஓடினேன். அதில்தான் காட்டின் வரைபடம் இருந்தது. வரைபடத்தின் ஒரு பக்கத்தை மூடிக்கொண்டு என்னுடைய முதலாவது கேள்வித்தாள் ஒட்டியிருந்தது. காலையில் நானேதான் ஒட்டினேன். மரம் ஈரமாக இருந்ததால், தட்டையான இடம் என்று அந்தப் பலகையைத் தெரிந்தெடுத்தேன். அங்கே ஏற்கெனவே பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. அந்தப் பலகையில் எப்போதும் ஏதாவது தொங்கும்: பனிப்பாதை பற்றி, தொலைந்த நாயைப் பற்றி. நான் அதை வாசிக்காமல் அதன் மேலேயே என் தாளை ஒட்டினேன். நன்றாக வாசிக்கத் தெரிந்தும் வாசிக்கவில்லை.

கேள்வித்தாளைக் கிழித்தேன். கீழே இருந்த தாளில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஞாயிறு தவிர்ந்த நாட்களில் இந்தப் பகுதியில் எல்க் வேட்டை நடைபெறுகிறது. பாதையை விட்டு விலகவேண்டாம். தூரத்தில் தெரியக்கூடிய நிறத்தில் உடை அணியவும்.

எல்க் என்பது குதிரையை விடப் பெரிய காட்டு மான். அதன் நிறம் மண்ணிறம்.

நண்பரிடம் பொலிஸுக்குத் தொலைபேசி அடிக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். ஐம்பதை நெருங்குகிற மனிதன், சப்பாத்து வழுக்க வழுக்க ஓடினேன். ஏழாவது மரத்தில் நான் கட்டிய நூல் மட்டும் தொங்கியது. அந்த இடத்தில் பாதையின் ஒரு பக்கம் கீழ்நோக்கிச் சரிகிறது. சரிவு முழுக்க நெருக்கமான ஊசியிலை மரங்கள். உள்ளே பகலிலும் இருட்டு. அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

இரண்டாவது முறை கூப்பிட வாயைத் திறந்தபோது இன்னொரு எண்ணம் வந்து என்னை நிறுத்தியது. நான் கூப்பிட்டதும் அவள் என் குரல் வந்த திசைக்கு ஓடி வருவாள். மரங்களுக்கிடையில் மண்ணிறமாக ஒன்று ஓடினால், துப்பாக்கியோடு இருக்கிறவனுக்கு அது என்னவாகத் தெரியும்? கூப்பிடுவதா, விடுவதா? ஒரு தகப்பன் தன் பிள்ளையைக் கூப்பிடப் பயந்து நிற்கிற நிலை யாருக்கும் வரக்கூடாது.

அப்போது இரண்டாவது வெடி. முதல் வெடியை விடக் கிட்டத்தில்.

நான் தரையில் கிடந்தேன். விழவில்லை, யாரும் தள்ளவில்லை. உடம்பு தானாகப் படுத்துவிட்டது. ஊரில் பழகிய பழக்கம். இத்தனை வருடத்துக்குப் பிறகும், ஈரப்பாசியில் முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு கிடந்தேன். பிறகுதான் நினைவு வந்தது. அவளுக்குப் படுக்கத் தெரியாது. வெடிச் சத்தம் கேட்டால் நிலத்தில் விழவேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லித் தந்ததே இல்லை. அது தெரியாமல் வளரவேண்டும் என்றுதானே இந்த நாட்டுக்கு வந்தோம்! திம்பு எந்த நாட்டின் தலைநகரம் என்று அவளுக்குத் தெரியும். எந்தக் கப்பல் எந்தக் கடலில் மூழ்கியது என்று தெரியும். இப்போது அவள் எங்கேயோ நிமிர்ந்து நின்றுகொண்டிருப்பாள். நான் படுத்திருக்கிறேன்.

எழும்பினேன். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று சரிவில் இறங்கி, நெஞ்சு வெடிக்கக் கத்தினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். நோர்வேஜிய மொழியில் "சுடாதீர்கள், பிள்ளை இருக்கிறாள்" என்று கத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கிளைகள் முகத்தைக் கிழித்தன. குரல் அடைத்து, பிறகு காற்று மட்டும்தான் வந்தது. காடு அப்படி ஒரு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நான் எந்தப் பக்கமாக விளங்கிக்கொள்வது என்று தெரியாமல் தவித்தேன்.

கீழே ஓடையோரமாக ஒரு செம்மஞ்சள் நிறம் தெரிந்தது. தொப்பி. அந்தத் தொப்பிக்குக் கீழே என் மகளின் முகம். அவளுக்குப் பக்கத்தில் உயரமான, நரைத்த தாடிக்கார மனிதர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். தன் தொப்பியைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டிருந்தார். துப்பாக்கி முதுகில் தொங்கியது.

அவளைப் பிடித்து எங்கெங்கோ தடவிப் பார்த்தேன். தலை, கை, முதுகு.

"என்னப்பா செய்யிறியள்? எனக்கு ஒண்டும் இல்லை" என்றாள். அவள் கையில் அந்த ஏழாவது கேள்வித்தாள் நனைந்து கசங்கிக் கிடந்தது.

அந்த மனிதர் தன் கையடக்க வானொலியில் மற்ற வேட்டைக்காரர்களிடம் இரண்டு வார்த்தை பேசினார். எல்லாரும் நிறுத்திவிட்டார்கள் என்று என்னிடம் சொன்னார். நண்பருக்குக் கைத்தொலைபேசியில் அடித்துச் சொன்னேன். மகளை ஒரு கட்டையில் இருத்திச் சொக்கலேட் கொடுத்துவிட்டு, அந்த மனிதர் என்னைக் கொஞ்சம் அப்பால் கூட்டிக்கொண்டு போனார். சுடுதண்ணீர்ப் போத்தலில் இருந்து எனக்குக் கோப்பி ஊற்றினார். பாதிக் கோப்பி நிலத்தில் சிந்தியது.

அவர் நிதானமாகச் சொன்னார். முதல் வெடியில் காயப்பட்ட மிருகம் அவர் இருந்த பக்கமாக வருகிறது என்று வானொலியில் தகவல் வந்திருக்கிறது. அதற்காகக் காத்திருந்திருக்கிறார். மரங்களுக்கிடையில் மண்ணிறமாக ஒன்று அசைந்தது. துப்பாக்கியைத் தூக்கியிருக்கிறார். முழு உருவமும் தெரியாமல் சுடக்கூடாது என்பது விதி, அதைத் தான் ஒருநாளும் மீறியதில்லை, ஆகவே சுட்டிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன் என்றார். "நினைக்கிறேன்" என்பதை மறுபடியும் சொன்னார். அந்த நேரத்தில்தான் அந்த மண்ணிறம் பேசியிருக்கிறது. உரத்த குரலில், நிறுத்தாமல். அவர் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டார். மற்றவர்களுக்கு அறிவிப்பதற்கு முன்பே, அடுத்த சரிவில் இருந்தவர் அந்த மிருகத்தைச் சுட்டு விழுத்திவிட்டார். நான் கேட்ட இரண்டாவது வெடி அதுதான்.

"அப்பா என்பது யார்?" என்று என்னிடம் கேட்டார். "அவள் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்."

நான் என்று சொன்னேன். அவர் என் தோளில் கையை வைத்தார். இனி இன்றைக்குத் தன்னால் முடியாது, வீட்டுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தொப்பியை அவளே வைத்திருக்கட்டும் என்றார்.

திரும்பி ஏறி வரும்போது நான் மகளின் கையை விடவில்லை. "பயந்திட்டியோ பிள்ளை? அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தனியாம்" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"கூப்பிடேல்லையப்பா. உங்களை ஏசிப் பேசிக்கொண்டு வந்தனான்."

"பேசிக்கொண்டோ?"

"ஓம். அப்பாவுக்கு விசர், அப்பாவுக்கு ஒரு தாளை ஒழுங்காக் கட்டத் தெரியாது, அப்பா பிழைவிட்டிட்டு வீட்டை வந்து எனக்குத்தான் பேசப்போறார், அப்பான்ரை கேள்வியள் ஒருத்தருக்கும் விருப்பமில்லை... இப்பிடித்தான். இன்னும் கன சொன்னனான். நோர்வேஜியனிலையும் சொன்னனான்."

அந்தப் பாதையிலேயே நான் குந்திவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள்தான் பயந்துபோய், "சொரி அப்பா, சொரி" என்று என் முதுகைத் தடவினாள்.

வேட்டைக்காரர் சொன்னதை மனைவிக்குச் சொன்னபோது அவள் எழும்பிப் போய் அந்த மண்ணிற ஜக்கெட்டை எடுத்துக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினாள். "நான்தானே வாங்கிக் குடுத்தனான்" என்றாள். மகளுக்கு நாங்கள் சொல்லவில்லை. துப்பாக்கி தன் பக்கம் திரும்பியிருந்தது என்று அவளுக்கு இந்த வருடம்தான், இதை எழுத அனுமதி கேட்டபோது சொன்னேன். "அப்ப நான் பேசினது நல்லதெல்லோ?" என்றாள்.

இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. எங்கள் வீட்டில் சண்டைக்குக் குறைவில்லை. இரவில் வெளியே போகக்கூடாது என்றால் சத்தம், கைத்தொலைபேசியைப் பற்றிக் கேட்டால் சத்தம். கதவுகள் அடிபடும். "பிள்ளை இப்பிடி உங்களைப் பேசுது, கேட்டுக்கொண்டு நிக்கிறியள்!" என்று மனைவி என்னைக் கடிந்துகொள்வாள். மரியாதையைப் பற்றி நானும் சொல்லத்தான் வேண்டும். சொல்வேன், ஆனால் அவள் முழுவதையும் பேசி முடித்த பிறகுதான். அவள் குரலை உயர்த்தி "அப்பா" என்று தொடங்கும் ஒவ்வொரு தடவையும், ஊசியிலை மரங்களுக்கிடையில் ஒரு மனிதர் துப்பாக்கியை மெல்லத் தாழ்த்துவது எனக்குத் தெரிகிறது.