நான்கு எலுமிச்சம்பழமும் ஒரு நடைபாதையும்

இரண்டு வருஷத்துக்கு முன், தில்லியில் ஸ்வெட்டரை வெளியே எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதத்தில் நடந்தது இது. இடம், மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே.

என் கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். திருநெல்வேலிக்காரர், ரோஷக்காரர். அந்த வருஷத் தொடக்கத்தில் பக்கவாதம் வந்து வலது கால் பலவீனமாகிவிட்டது. பிசியோதெரபி, எண்ணெய், வேண்டுதல் எல்லாம் சேர்ந்து கைத்தடியோடு நடக்கிற அளவுக்குத் தேற்றிவிட்டன. லீவு முடிந்து ஆபீஸ் போக ஆரம்பித்ததும்தான் தலைவலி தொடங்கியது. மெட்ரோ ஸ்டேஷன் எதிர்ச்சாரியில், கூப்பிடு தூரம். உள்ளே லிஃப்ட் இருக்கிறது, ரயிலில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். ஆனால் கேட்டிலிருந்து ஸ்டேஷன்வரை போகத்தான் வழியில்லை. நடைபாதை முழுக்கக் கார்கள். சாலையில் இறங்கினால் பஸ்ஸும் பைக்கும் ஈ-ரிக்‌ஷாவும் உரசிக்கொண்டு போகும்.

அதனால் தினமும் காலையில் நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, சாயங்காலம் போய்க் கூட்டிவருவேன். யுகேஜி பிள்ளையை வேனில் ஏற்றுகிற மாதிரிதான். ஒருநாள் ஸ்டேஷன் வாசலில் அவருடைய ஆபீஸ்காரர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். வெடுக்கென்று என் கையை உதறினார். அன்று வீட்டுக்கு வந்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளப் போகிறேன் என்றார். வேலையையும் விட்டு வீட்டுக்குள் உட்கார்ந்தால் மனிதர் அடியோடு உடைந்துபோவார் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சாலையை நடப்பவர்களுக்கு ஏற்றபடி மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒரு இளம்பெண், இஞ்சினியர், குடியிருப்பு ஹாலுக்கு வந்து படம் போட்டு விளக்கினார். அகலமான நடைபாதை, சைக்கிளுக்குத் தனித் தடம், பஸ்ஸுக்கும் ஈ-ரிக்‌ஷாவுக்கும் நிற்க இடம், சாலையைக் கடக்கிற இடத்தை நடைபாதையின் உயரத்துக்கே ஏற்றி ஒரு மேடு. முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் அடித்து, ஆரஞ்சுக் கூம்புகள் வைத்து வெள்ளோட்டம் பார்ப்பார்களாம். அன்றைக்கு நடைபாதையில் ஒரு கார்கூட நிற்கக் கூடாது. ஒத்துவரவில்லை என்றால் வேறு பேட்டைக்குப் போய்விடுவோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

ஹாலில் ஒரே கூச்சல். குடியிருப்புக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது, ஆனால் அங்கே நிறுத்திவிட்டு அவ்வளவு தூரம் யார் நடப்பது என்பதுதான் எல்லாருடைய புகாரும். எனக்கு வந்ததே கோபம்! எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த ஹிந்தியில் ஒரு பிடி பிடித்தேன். குடியிருப்புச் செயலாளர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஹிந்தியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பெஹன்ஜி, கேட்டை ஒட்டி நடைபாதையில் நிற்கிற முதல் கார் உங்களுடையதுதானே?"

எங்களுடையதேதான். இவர் படுத்த நாளிலிருந்து அது நகரவே இல்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. ஆயுத பூஜைக்கு மட்டும் உறையைக் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டி கிளம்பினால்தானே பழம் நசுங்கும்? அது பாட்டுக்குக் காய்ந்து கிடந்தது. எடுத்துவிடலாம் என்று நான் எப்போது வாயைத் திறந்தாலும் வீட்டில் சண்டைதான்.

கூட்டத்தில் நடந்ததை வந்து இவரிடம் சொன்னேன். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஏட்டி, வண்டி வாசல்ல நின்னாத்தான் என்னைக்காவது ஓட்டுவேன்னு ஒரு நெனப்பு இருக்கும். எடுத்தாச்சுன்னா நான் சீக்காளின்னு ஆயிரும்."

"நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது மட்டும் நல்லாருக்காக்கும்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் எனக்கே அழுகை வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. இஞ்சினியர் பெண்ணும் ஆட்களும் கூம்புகளோடு வந்து கீழே நிற்கிறார்கள். ஒருவரும் காரை எடுத்தபாடில்லை. நான் காபி கலந்துகொண்டிருந்தேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, கார்ச் சாவியோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எலுமிச்சம்பழம் நாலு எடு. சும்மா தள்ளிவிடப்பிடாது. முறையா அனுப்பணும்."

கீழே போனோம். அவர் சொல்லச் சொல்ல நான் குனிந்து நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்தேன். பேட்டரி செத்துப்போயிருந்ததால் வண்டி கிளம்பவில்லை. காவலாளி உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, பின்னால் கை வைத்துத் தள்ள முதல் ஆளாக வந்தவர் அந்தச் செயலாளர்! பழங்கள் நசுங்கின. தில்லிப் புகைமூட்டத்துக்கு நடுவில் எலுமிச்சை மணம் தெருவெல்லாம் வீசியது. இஞ்சினியர் பெண் கை தட்டினார். பத்து மணிக்குள் ஒவ்வொருவராகச் சாவியோடு இறங்கிவந்து, நடைபாதை காலியாகிவிட்டது. அத்தனை வருஷமாக அந்த வீட்டில் இருந்தும், அங்கே பதித்திருந்த கல் என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெயிண்ட் காய்ந்ததும் நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன். "நீ இங்கனயே நில்லு" என்றார்.

நின்றேன். தடியை ஊன்றி ஊன்றிப் போனார். கடக்கிற இடத்தில் ஒரு பஸ் வந்தது. எனக்கு உயிரே இல்லை. பஸ் வேகத்தைக் குறைத்து நின்றது. அவர் அவசரப்படவில்லை, ஓடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஸ்டேஷன் வாசலை அடைந்ததும் போன் செய்தார். "வந்துட்டேன்ட்டி" என்றார். நான் தலையை ஆட்டினேன், போனில்!

அன்றைய வெள்ளோட்டம் தேறியது. வேலை முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, தூசியில் எல்லாரும் இருமித் தீர்த்தோம். ஆனால் இப்போது எங்கள் சாலையை நீங்கள் பார்க்க வேண்டும். பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். அன்றைக்குக் கூச்சல் போட்டவர்களெல்லாம் சாயங்காலம் அதே நடைபாதையில் வாக்கிங் போகிறார்கள். நம் வீட்டுக் கல்யாணம் மாதிரி நான் எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் விருப்ப ஓய்வு வாங்கவில்லை. காரைத்தான் விற்றுவிட்டார்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர், வீட்டில் வேறு வண்டி இல்லாததால், தன் கைத்தடிக்குப் பொட்டு வைத்தார். "அடியில எலுமிச்சம்பழம் வைக்கட்டுமா?" என்று சீண்டினேன், சிரித்துவிட்டார். தசரா லீவு முடிந்த காலை அந்தப் பொட்டு வைத்த தடியை ஊன்றிக்கொண்டு, எங்கள் கார் நின்ற இடத்தின் மேலேயே நடந்து ஆபீஸ் போனவரைப் பால்கனியில் நின்று பார்த்தேன். கார் ஓட்டிய காலத்தில்கூட என் வீட்டுக்காரர் அவ்வளவு கம்பீரமாக எனக்குத் தெரிந்ததில்லை.