ரோட்டைப் பார்த்த செருப்பு

எனக்குக் கொலைக் கதை என்றால் சோறு வேண்டாம். பகலில் கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். மற்ற நேரமெல்லாம் துப்பறியும் நாவல், பழைய வழக்கு, யாருக்கும் உதவாத துணுக்குத் தகவல் என்று எதையாவது தோண்டிக்கொண்டிருப்பேன். தோண்டியதை ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் வைத்து எழுதுகிறேன். "ஒனக்கு உசுரோட இருக்கிற சொந்தக்காரங்கள விட செத்தவங்களத்தான் நல்லாத் தெரியுது" என்பார் என் கணவர். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

போன வைகாசியில், கண்டியில் ஒரு நூலகத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டியபோது நான்கு வரிச் செய்தி ஒன்று கண்ணில் பட்டது. நாற்பது வருடங்களுக்கும் முந்தியது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் ஒரு சோடி பெண் செருப்பு. பக்கத்தில் குடியிருந்த பத்தொன்பது வயதுப் பெண்ணைக் காணவில்லை. மகாவலி ஆற்றில் பாய்ந்திருக்கலாம் என்று பொலிசார் நம்புகிறார்கள். உடல் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். நான் தினமும் பஸ்ஸில் கடக்கிற பாலம் அது.

நான்கு வரியை வைத்துக்கொண்டு என்னத்தை எழுதுவது? கண், காது, மூக்கு வைத்தேன். அப்படி வைத்ததில் ஒன்று இது: 'செருப்பு இரண்டும் ஆற்றுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்தபடி இருந்தன. தண்ணீருக்குள் இறங்குகிறவள் அப்படியா கழற்றி வைப்பாள்?' இந்த வரி எந்தப் பத்திரிகையிலும் இல்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டு நின்றபோது எனக்குத் தோன்றியது. எழுதி முடித்துவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். வாசித்தவர்களும் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று வேறு அந்தப் பக்கத்தில் பெருமையாகப் போட்டு வைத்திருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும்.

ஆடி அமாவாசை கழிந்து இரண்டாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். பாமசியில் நான் மட்டும்தான். எழுபது வயது மதிக்கக்கூடிய ஒருவர் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டையை நன்றாக அயன் பண்ணிப் போட்டிருந்தார். கையில் டாக்டர் எழுதிய மருந்துத் துண்டு இல்லை. நான் எழுதியதை யாரோ தாளில் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதை மேசையில் விரித்தார். ஒரே ஒரு வரிக்குக் கீழே நீலப் பேனாவால் கோடு இழுத்திருந்தது.

"இத எழுதினது நீங்கதானே மிஸ்?"

"ஆமாங்க ஐயா."

"இந்தப் பொண்ணு என் தங்கச்சி."

திட்டப்போகிறார் என்று நினைத்து மன்னிப்பு ஒன்றை மனதுக்குள் தயார் பண்ணினேன். அவர் திட்டவில்லை. மேசை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"செருப்பு ரோட்டப் பாத்துதான் இருந்துச்சு. ஒங்களுக்கு யாரு சொன்னா?"

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தாளை என் பக்கம் திருப்பி அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன்.

அவரே சொன்னார். அன்று விடியக்காலை அவரும் அப்பாவும்தான் முதலில் அந்தக் கரைக்குத் தேடிப் போனார்களாம். செருப்புக்குப் பக்கத்தில் ஒரு வெறும் பெட்டி கிடந்திருக்கிறது, புதுச் செருப்பு வாங்கினால் தருகிற மாதிரிப் பெட்டி.

"பழசக் கழட்டிப் போட்டுட்டு, புதுசப் போட்டுக்கிட்டுப் போயிருக்கா. யாரோ வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்கன்னு அப்பாவுக்கு வெளங்கிருச்சு. பெட்டியத் தூக்கி ஆத்துல போட்டாரு. ஓடிட்டான்னு ஊரு சொல்றத விட செத்துட்டான்னு சொல்லட்டும், செருப்பத் திருப்பி வைடான்னாரு. நான்தான் திருப்பி வச்சேன். பொலிஸ் வந்து பாக்குறப்போ அது ஆத்தப் பாத்துக்கிட்டு இருந்துச்சு."

அதன் பிறகு அவளைத் தண்ணீரில் மட்டும்தான் தேடினார்கள். மூன்று நாள் தேடிவிட்டு விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அதே கரையில் அண்ணன் அவளுக்குத் திதி கொடுத்து வந்திருக்கிறார்.

குற்ற வரலாறு எழுதுகிறவள் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். நிசமான ஒன்று எனக்கு முன்னால் வந்து நின்றபோது ஓரடி பின்னால் போனேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

"அப்பா போய்ச் சேந்துட்டாரு. நான் யாருக்கும் சொன்னதில்ல, என் பொண்டாட்டிக்கும் சொன்னதில்ல. மிச்சம் இருக்கிறது அவ ஒருத்திதான். அவ சொல்லாம ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஐயா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த வரி நானா சும்மா எழுதினது."

அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. "சொல்லக் கூடாதுன்னு ஒங்ககிட்டச் சத்தியம் வாங்கியிருப்பா. சின்ன வயசிலயும் அவ அப்பிடித்தான்."

பிறகு பையிலிருந்து ஒரு பார்சலை எடுத்து வைத்தார். அந்தச் செருப்புத்தான். "பொலிஸ்ல திருப்பித் தந்தாங்க. வார் ஒண்ணு அறுந்திருந்துச்சு, தைச்சு வச்சிருக்கேன். குடுத்துருங்க. இந்த வருசம் திதி குடுக்கலைன்னு சொல்லுங்க. திருப்பி வச்சது அப்பா இல்ல, நான்தான்னு சொல்லுங்க." நான் பார்சலைத் தள்ளத் தள்ள, அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்கே அந்த வரியை அழித்தேன். அடுத்த வாரம் திரும்பவும் வந்தார். "வரிய எடுத்துட்டீங்க. அவ எடுக்கச் சொன்னாளா?" என்றார். நான் என் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "ஒங்க நெலம வெளங்குது மிஸ்" என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் பயம்தான். தற்செயல் என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லிவிட்டேன். செருப்பின் முகம் எந்தப் பக்கம் என்று பார்த்தால் ரோடு, இல்லாவிட்டால் ஆறு; பாதிக்குப் பாதி. ஆனாலும் பாண் வெட்டும்போது அந்த வரி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி விடமாட்டேன் என்கிறது. அறுபதைத் தாண்டிய பெண் யார் மருந்துக்கு வந்தாலும் முதலில் காலைப் பார்க்கிறேன். செருப்பு என் அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே இருக்கிறது. எறிய மனம் வரவில்லை.

போன மாதம் அவர் பிரஷர் மாத்திரைக்கு வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். மருந்துத் துண்டை நீட்டினார். மாத்திரையை உறையில் போட்டுக் கொடுத்தேன். பிறகு கேட்டார்.

"பார்சலக் குடுத்தீங்களா?"

உண்மையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவருக்கு அது வேண்டாம்.

"குடுத்தேங்க ஐயா."

கண்ணை மூடிக்கொண்டார்.

"அளவு சரியா இருந்துச்சாமா?"

"சரியா இருந்துச்சு" என்றேன். அது மட்டும் பொய் இல்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாத நேரம், நான் போட்டுப் பார்த்திருந்தேன்.