நாலு விரல் வாயு

யுத்தத்தில் கல்லடியில் மின்சாரம் நின்று மாதக்கணக்காகியிருந்தது. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. விறகு வேண்டுமென்றால் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போக வேண்டும். பத்துத் தோணி சேர்ந்துதான் போவார்கள். தனித் தோணியைக் கண்டால் ஆமிச் சென்றியில் காவல் இருப்பவன் கேள்வி கேட்க மாட்டான், சுடுவான்.

எனக்கு மகள் பிறந்து பன்னிரண்டு நாள். பிள்ளை பெற்ற வீட்டில் நாள் முழுக்கச் சுடுதண்ணி வேண்டும். விறகு கொண்டுவந்து தந்தவன் என் மனைவியின் அண்ணன். அவன் தோணி ஏறும் நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இந்தப் படித்த முட்டாளுக்கு மூளை வேலை செய்தது. நான் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிப்பவன். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் எரிகிற ஐதரசன் வரும். மின்சாரத்துக்குச் சைக்கிள் டைனமோ இருக்கிறது. ஊரே அதை மிதித்துத்தானே றேடியோவில் செய்தி கேட்டது!

"இந்த முறை அவங்களோட போகாத மச்சான். இனி விறகே தேவைப்படாது," என்றேன்.

நின்றான். மற்றத் தோணிகள் போயின.

பழைய பற்றரிக் கரிக்குச்சி இரண்டு, அப்பச்சோடா கரைத்த தண்ணீர், கவிழ்த்த போத்தல். விடியத் தொடங்கி மத்தியானம் வரை மிதித்தான். போத்தலில் நாலு விரல் உயரம் வாயு.

"ஒரு தேத்தண்ணி கொதிக்கிறத்துக்குள்ள உன்ட மகள் பெரியபிள்ளையாகிருவாள்," என்று சிரித்தான். "தண்ணி வாவி நிறையக் கிடக்கு மச்சான். மிதிக்கக் காலுக்கு எங்க போற?"

நெருப்புக்குச்சியைக் காட்டினேன். டமார்! போத்தல் சிதறியது. டைனமோ மின்சாரம் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும். ஐதரசனும் ஒட்சிசனும் ஒன்றாகக் கலந்து நின்றிருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பத்துத் தரம் சொல்லிக்கொடுத்த பாடம். எனக்கே மறந்துபோனது.

சத்தத்துக்கு ஆமி வருமோ என்று என் மனைவி பிள்ளையை அணைத்தபடி ஓடிவந்தாள். "உங்களக் கும்பிட்டன், இந்த விளையாட்ட விடுங்க," என்றாள்.

அடுத்த நாள் அடுப்படியில் ஒரு விறகுக் கொள்ளியும் இல்லை. மற்றத் தோணிகள் முந்தின நாளே போய் வந்துவிட்டன. "கரையோரமாப் போயிட்டுச் சுறுக்கா வாறன்," என்று மச்சான் தனியாகத் தோணி தள்ளினான். வெட்கத்தில் நான் அவனைத் தடுக்கவில்லை. பின்னேரம் சென்றிப் பக்கமிருந்து இரண்டு வெடி கேட்டது. தோணி மட்டும் காற்றில் கரை ஒதுங்கியது. உள்ளே ஒரு கட்டு விறகு.

அந்த விறகில்தான் மகளுக்குச் சுடுதண்ணி வைத்தோம். வேறென்ன செய்ய?

அதெல்லாம் நடந்து வருடக்கணக்காகிவிட்டது. போன கிழமை தொலைக்காட்சியில் ஒருவர் பச்சை ஐதரசன் பற்றிப் பேசினார். காற்றாலையும் சூரிய ஒளியும் கொண்டு தண்ணீரைப் பிரிக்கலாமாம். தண்ணீர் பிரச்சினையில்லையாம், மலிவான மின்சாரம் போதுமான அளவு கிடைப்பதுதான் கஷ்டமாம்.

என் மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"அண்ணன் அண்டைக்கே சொன்னவர்தானே," என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் அந்த நாளைப் பற்றி என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.