பூதத்திடம் பேசப் போனவள்

தூத்துக்குடி தொலைபேசி நிலையத்தில் எனக்கு ஆபரேட்டர் வேலை கிடைத்தபோது, கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருந்த பெண்கள் விடுதி ஒன்றில் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. என் அறையில் இன்னும் மூன்று பேர். ஒருத்தி வங்கியில் குமாஸ்தா, ஆற்றங்கரை ஊரில் வயல் வரப்பு உள்ள வீட்டுப் பெண், மனதில் பட்டதை உடனே சொல்லிவிடுவாள். இன்னொருத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ், இருக்கிற இடம் தெரியாது. மூன்றாமவள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள், பனங்காட்டு ஊர்க்காரி. எங்கள் வயதுதான் என்றாலும் நாங்கள் எல்லாரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டோம்.

ஐப்பசி மழையில் பஸ் நின்றுபோய், யாரும் ஊருக்குப் போக முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "கடலுக்கு அடியில ஒரு ராஜ்யம் இருக்கு. அங்கன போகணும். யாரெல்லாம் வாரீங்க?" என்றாள்.

கதை சொல்லப் போகிறாள் என்று நினைத்தோம். அவளோ அந்த ராஜ்யத்தின் வாசல்வரை மட்டும் சொல்லிவிட்டு, "இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். நாங்கள் சொல்வதைப் பொறுத்துக் கதை நகரும். சண்டையோ தாவலோ வந்தால் சோழியை உருட்டுவோம், விழுவதைப் பொறுத்து வெற்றி தோல்வி. எதிரே வருகிற மீன்ராணி, ஓடக்காரன், பூதம் எல்லாம் டீச்சர்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் வைத்திருந்தாள். பூதமாகப் பேசும்போது அந்த ஒல்லியான உடம்பு எப்படி அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்.

"நான் படைத்தலைவி" என்று முதல் ஆளாகச் சொன்னேன். வீட்டில் சண்டை போட்டு வேலைக்கு வந்தவள் நான். என்னைவிடத் துணிச்சல்காரி அந்த அறையில் யார் என்று எண்ணம். வங்கிக்காரியும் அதையே கேட்டாள். நர்ஸ் மந்திரக்காரி வேண்டும் என்றாள்.

"இருக்கட்டும். ரெண்டு படைத்தலைவியா நடங்க. யாரு என்னன்னு போகப்போகத் தெரிஞ்சிரும்" என்றாள் டீச்சர்.

தெரியத்தான் செய்தது. அடுத்த வாரம் மீன்ராணியின் அரண்மனையில் காவலன் வழிமறித்தபோது, நர்ஸ் மந்திரம் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் அவனோடு வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும்போதே, "அவன் இடுப்பில இருந்த சாவிய எடுத்திட்டேன்" என்றாள் மெதுவாக. சோழியும் அவள் பக்கமே விழுந்தது. தினமும் கோயில் பூசைக்குப் போகிற பெண்ணுக்குள் அப்படி ஒரு கைதேர்ந்த திருடி இருந்தாள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

அதன்பின் ஒரு பாலம் வந்தது. பாலத்தின் முனையில் பூதம். வங்கிக்காரி உடனே வாளை உருவினாள். நான் என்னை அறியாமல், "பொறுளா, அவன் எதுக்கு இங்கன நிக்கான்னு கேப்போம்" என்றேன்.

டீச்சர் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பூதத்தின் குரலில், "என் பிள்ளை அந்தப் பக்கம் இருக்கு. நான் ஏறினா பாலம் உடைஞ்சிரும்" என்றாள். அன்று பிற்பகல் முழுவதும் நான் பூதத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பாலத்துக்கென்று டீச்சர் யோசித்து வைத்திருந்தது வெறும் சண்டைதானாம். நான் கேட்டதும்தான் அந்தப் பிள்ளையே பிறந்தது என்று பிறகு சொன்னாள்.

விளையாட்டு முடிந்ததும், "நீ படைத்தலைவி இல்லளா. நீ தூது போறவ" என்றாள்.

எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. நாள் முழுக்க மற்றவர்கள் பேச இணைப்புக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். கடலுக்கு அடியிலும் அதுதானா? "வாளும் கிடையாது, மந்திரமும் கிடையாது. அது ஒரு ஆளா?" என்றேன்.

"வாளில்லாமப் பூதத்துக்கு முன்னால போய் நிக்கணும்லா" என்று மட்டும் சொன்னாள்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, விடுதியில் நிஜமாகவே ஒரு சண்டை வந்தது. எங்களுக்குச் சமைத்த அக்கா மீனவர் தெருவிலிருந்து வருவார். சமையலறையைக் குசினி என்பார். அன்று சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது. வங்கிக்காரி, "இதை மாடு கூடத் தின்னாது" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். அக்கா கையைத் துடைத்துவிட்டு வெளியே போனார். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. நாங்கள் பன்னும் டீயுமாக இருந்தோம். வேறு ஆள் பார்க்கப் போவதாக வார்டன் சொன்னார். "நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்று வங்கிக்காரி முறுக்கிக்கொண்டு நின்றாள்.

என்னை யாரும் போகச் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

"எதுக்கு வந்த? அந்தப் பிள்ளை அனுப்பினாளோ?" என்றார் வாசலிலேயே.

"இல்லக்கா, நானா வந்தேன். நீங்க திரும்பி வரணும்னா என்ன நடக்கணும்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

என் குடையை வாங்கி ஓரமாக வைத்தார். "உப்புக் கூடினது நெசம். மகனுக்குக் காச்சல், கவனம் அங்கன இருந்துச்சு. ஆனா அத்தனை பேரு முன்னால தட்டைத் தள்ளிட்டாளே."

"அவ இங்க வந்து மன்னிப்புக் கேட்டா?"

"இங்க வந்து கேட்டு எனக்கு என்ன? தள்ளின இடத்தில கேக்கட்டும்."

அதைக் கொண்டுபோய் வங்கிக்காரியிடம் சொல்வதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளையின் காய்ச்சலையும் சேர்த்து, ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த சேலையை மடித்து முடித்தாள்.

"எல்லாரும் இருக்கையிலயா?"

"ஆமா."

"சரி. வரச் சொல்லு."

அக்கா வந்தார். காலைச் சாப்பாட்டுக்கு விடுதியே கூடியிருந்தது, வார்டனும் இருந்தார். வங்கிக்காரி உட்காராமல் நின்றாள். "அக்கா, நான் பேசினது தப்பு. தட்டைத் தள்ளினது அதைவிடத் தப்பு. பையனுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றாள்.

"காச்சல் விட்டிருச்சு. உக்காரு, தோசை ஆறுது" என்றார் அக்கா.

அவள் இடத்தில் நான் இருந்தால் நின்றிருக்கமாட்டேன். ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டு விடுதியை மாற்றியிருப்பேன். படைத்தலைவி யார் என்பதில் எனக்கு அதன்பின் சந்தேகம் இருக்கவில்லை. பொறாமையும் இல்லை.

அந்த ஞாயிறு டீச்சரிடம் கேட்டேன். "எங்கள்ல யாரு என்னன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? கதவைத் தொறந்து விட்டேன். நீங்களா நடந்தீங்க."

"அப்ப நீ யாரு?"

யோசித்தாள். "எனக்குப் பூதம்தான் பிடிச்சிருக்கு. எல்லாரும் என்ன செய்யப் போறாங்கன்னு அங்கன நின்னு பாக்கலாம்லா."

சில வருடங்களில் நாங்கள் பிரிந்தோம். எங்கள் நிலையத்தில் பெண்களுக்கு ஓய்வறை கேட்டு அதிகாரியிடம் பேச ஆள் தேடியபோது நான் எழுந்து போனேன், ஓய்வறை கிடைத்தது. டீச்சர் கல்யாணமாகிச் சாகுபுரம் ஆலைக் குடியிருப்புக்குப் போனாள். அங்கே குடியிருப்புப் பெண்களை உட்காரவைத்து மறுபடியும் ராஜ்யம் நடத்தினாளாம். அவள் பக்கத்து வீட்டுக்காரி அந்த விளையாட்டில் தன்னை ஒரு மாலுமியாகக் கண்டுகொண்டு, முப்பது வயதுக்கு மேல் நீச்சல் பழக ஆரம்பித்துவிட்டாள் என்று நர்ஸ் வந்து சொன்னாள்.