எஞ்சினியர் சிரித்துக்கொண்டே போனார்

என் ஆயுளில் நான் முழுசாக ஜெயித்த சண்டை ஒன்றே ஒன்றுதான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

சண்டை ஒரு கிழவரைப் பற்றியது. அவர் எங்கள் ஊர்க்காரரும் இல்லை, இந்த உலகத்துக்காரரும் இல்லை. விண்வெளிக் கப்பல் ஒன்றின் எஞ்சினியர். அப்பா காலேஜில் படித்த காலத்தில் ஆங்கிலத்தில் வந்து நின்றுபோன டிவி தொடர் அது. நான் ஏழாவது படித்தபோது அதை மறுபடி புதிதாக எடுத்தார்கள். புதுக் கப்பல், புது கேப்டன், எல்லாம் புது மூஞ்சிகள். பழைய ஆட்களில் மிச்சம் வைத்தது அந்த எஞ்சினியரை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் தமிழ் பேசிக்கொண்டு வருவார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு அந்த நேரத்தில் யார் வந்தாலும் என்னிடமிருந்து ஒரு வாங்க கிடைக்காது.

கடைசி வாரத்தில் அவரையும் இறக்கிவிட்டார்கள். கப்பல் இப்போது தானாகவே ஓடுகிறது, நீங்கள் அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்கிறார் புது கேப்டன். கிழவர் கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கை ஒரு துணியில் துடைக்கிறார். துணியை எஞ்சின் மேலேயே வைக்கிறார். "எல்லாம் நல்லா ஓடுது. இனி நான் எதுக்கு?" என்று சொல்லிச் சிரிக்கிறார். கதவு மூடிக்கொள்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.

அந்த ஆறு வார்த்தைக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அடிதடியே நடந்தது. குழுவை ஆரம்பித்தவன் அண்ணன், அதாவது சித்தப்பாவின் பையன். எங்கள் வீட்டு மாடியில்தான் சித்தப்பா குடும்பம் இருந்தது. அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன், மூன்று மடங்கு திமிர் பிடித்தவன். கிழவர் வயிறெரிந்துதான் போனார் என்பது அவன் கட்சி. மனசு நிறைந்து போனார் என்பது என் கட்சி. துணியை ஏன் அங்கேயே விட்டார்? எஞ்சின் ஒருநாள் நிற்கும், அப்போது தன்னைத் தேடுவார்கள் என்று அவருக்குத் தெரியும் என்றான் அண்ணன். அழுக்குத் துணியை எவன் வீட்டுக்கு எடுத்துப் போவான் என்றேன் நான். துவாக்குடி ஹாஸ்டலில் இருந்த ஒரு காலேஜ் மாணவர் கிழவரின் வலது கண்ணை மட்டும் பெரிதாக்கிப் படம் போட்டு, இது சிரிப்பே இல்லை என்று இரண்டு பக்கம் எழுதினார். நானும் விடவில்லை, ஆடியோவாகப் போட்டுத் தாளித்தேன். அங்கேதான் வினை. என் குரல் கீச்சுக் குரல். 'சுண்டெலி சொல்லிடுச்சு, கேஸ் முடிஞ்சுது' என்று எவனோ எழுத, நாற்பது பேர் சிரித்துத் தள்ளினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர் எங்கள் டியூஷன் சென்டர் பிள்ளைகள். எங்கள் என்றால் அப்பா ஆரம்பித்தது. தில்லை நகரில் ஒரு மொட்டை மாடிக் கொட்டகையில் நான்கு பெஞ்சோடு தொடங்கி, பிறந்ததிலிருந்து நான் பார்த்த அளவில் ஒருநாள்கூடத் தவறாமல், விடிவதற்கு முன் ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போனவர் அவர். பிசிக்ஸ் நடத்துவார். அவர் நடத்துவதில் ஒரு கிறுக்கு உண்டு. கல்லை மேலே எறிந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லித் தரமாட்டார். "நான்தான் அந்தக் கல்லுன்னு வெச்சுக்கோ" என்று ஆரம்பித்து, மேலே போகப் போக மூச்சு வாங்கி, உச்சியில் ஒரு கணம் திகைத்து நின்று, கீழே விழுவார். எலக்ட்ரானாகப் பேசுவார், எரிகிற பல்பாகப் பேசுவார். ஒரு கணக்குக்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்வார். பிள்ளைகளுக்கு அவரை அப்படிப் பிடிக்கும்.

சித்தப்பா பிறகு வந்து சேர்ந்தவர். வாடகை ஒப்பந்தம், போர்டு, பாஸ்புக் எல்லாம் அவர் பெயரில் மாறியது எப்போது என்று அப்பாவுக்கே தெரியாது. ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதைதான். ஏசி வந்தது, பெரிய திரை வந்தது, நுழைவுத் தேர்வுக்கு வெளிமாநிலத்திலிருந்து வாத்தியார்கள் வந்தார்கள். தன் அண்ணன், அதாவது அப்பா, இனிமேல் ஓய்வெடுக்கட்டும் என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அப்பாவுக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. காலை ஆறு மணி வகுப்பு ஒன்றை மட்டும் எனக்கு விட்டுவிடு என்று அப்பா கேட்டார். சித்தப்பா பிடி கொடுக்கவில்லை. கடைசியில், திருவானைக்காவலில் இருந்த அத்தை புதன்கிழமை வந்து தீர்ப்பு சொல்வது என்று முடிவாயிற்று. இரண்டு பேருக்கும் அக்கா அவர். அவர் பேச்சைச் சித்தப்பாவும் தட்டமாட்டார். இதெல்லாம் நான் பின்னால் கோர்த்துத் தெரிந்துகொண்டது. வீட்டில் ஏதோ புகைச்சல் என்று மட்டும் அப்போது தெரியும். பெரியவர்கள் விஷயம், எனக்கென்ன?

எனக்கு என் சண்டைதான் பெரிது. ஞாயிறு சாயங்காலம் அப்பா வாரத்துக்கான சட்டைகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். ஃபோனை அவர் பக்கத்தில் வைத்து ரெக்கார்டை அமுக்கினேன். நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள் அப்பா, எஞ்சினியர் சந்தோஷமாகப் போனாரா இல்லையா என்றேன். அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் மூஞ்சி அழுத மூஞ்சி. "சரி, நான்தான் அந்த எஞ்சினியர்னு வெச்சுக்கோ" என்றார். நான் கெக்கேபிக்கே என்று சிரித்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"இத்தன வருஷம் நான் பாத்தாச்சு. நான் கட்டினது நல்லா ஓடுது. இனிமே சின்னவங்க பாத்துக்கட்டும். என்னை யாரும் வெரட்டல. நான் சந்தோஷமாத்தான் போறேன்."

ஆகா, இதைவிட எனக்கு என்ன வேண்டும்? ஆனால் முன்னால் என் கீச்சுக் குரல் இருந்ததே. மறுபடி சுண்டெலி என்பார்கள். அதனால் ஆடியோவின் முன்பகுதியை வெட்டினேன். என் கேள்வி போயிற்று. என் சிரிப்பும் போயிற்று. சிரிப்புக்கு முன்னால் அப்பா சொன்ன எஞ்சினியரும் அதோடு போய்விட்டார். அப்பாவின் குரல் மட்டும் சுத்தமாக மிஞ்சியது. அதைக் குழுவில் போட்டு, 'சாரே சொல்லிட்டார்' என்று எழுதினேன்.

சார் குரலைக் கேட்டதும் சென்டர் பிள்ளைகள் கப்சிப். துவாக்குடிக்காரர்கூட ஒரு கும்பிடு பொம்மை போட்டுவிட்டு ஒதுங்கினார். நான் மாடிப்படியில் நின்று அண்ணன் காதில் விழுகிற மாதிரி பாடினேன், ஆடினேன். தோற்ற கடுப்பில் அவன் அதைச் சித்தப்பாவிடம் போட்டுக் காட்டினானா, யதார்த்தமாகக் காட்டினானா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு ஏது?

புதன்கிழமை அத்தை வந்தார். கூடத்தில் அத்தை நாற்காலியில், அப்பாவும் சித்தப்பாவும் எதிரெதிரே, அம்மா சமையலறை நிலைப்படியில். நான் ஜன்னலோரம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா நிதானமாகச் சொன்னார், போகிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, போகிற எண்ணமும் இல்லை, ஆறு மணி வகுப்பு ஒன்று போதும் என்று. அத்தைக்கு மனசு இளகியது முகத்திலேயே தெரிந்தது. "ஏன்டா, ஒரு கிளாஸ்தானே கேக்குறான், குடுத்தா என்ன கொறஞ்சுடும்?" என்று சித்தப்பாவைக் கேட்டார்.

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். என்னை யாரும் வெரட்டல, நான் சந்தோஷமாத்தான் போறேன் என்றது அப்பாவின் குரல்.

அத்தை அப்பாவைப் பார்த்தார். "இது உன் கொரல்தானேடா?"

எனக்கோ பெருமை தாங்கவில்லை. நம்ம ஆடியோ அத்தைவரைக்கும் போய்விட்டதே! நோட்டை வீசிவிட்டு எழுந்தேன். "ஆமா அத்தை, அப்பாதான் பேசினாங்க! நான்தான் ரெக்கார்ட் பண்ணேன்!"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் பைசா செலவில்லாமல் வைத்தேன்.

"கொழந்தைகிட்ட ஒரு பேச்சு, எங்கிட்ட ஒரு பேச்சாடா?" என்றார் அத்தை.

அப்பா வாயைத் திறந்தார். "அது வந்துக்கா..." என்றவர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், நிறுத்திக்கொண்டார். என்ன சொல்வார்? ஐம்பத்திரண்டு வயது மனுஷன், அது நான் இல்லை, விண்வெளிக் கப்பலில் வேலை பார்த்த ஒருவர் என்றா? சொல்லியிருந்தாலும், வெட்டியது யார் என்ற கேள்வி அடுத்து வந்திருக்கும். அப்பா சிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எஞ்சினியர் சிரித்த அதே சிரிப்பு, நம்ம கட்சிதான் சரி என்று நினைத்தேன். அம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். அத்தை காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

பெற்றோர்களின் குழுவுக்கும் சித்தப்பா அந்த ஆடியோவை அனுப்பினார். சாரை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அடுத்த மாதம் சென்டரில் விழா எடுத்து, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். பிறகு அப்பா பஸ்ஸில் துவாக்குடி போய், ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ஒரு வாடகை அறையில் வகுப்பெடுத்தார். பத்தாவதில் எனக்கும் அவர்தான் பிசிக்ஸ். கல் மேலே போகும், வேகம் குறையும், கீழே வரும் என்று புத்தகத்தில் இருந்தபடியே நடத்தினார். கல்லாக அவர் மறுபடி பேசவே இல்லை. இனி நான் எதுக்கு என்று ஒருத்தர் சொன்னால் அதில் மனநிறைவு மயிரளவும் கிடையாது என்பது எனக்குப் புரிய இன்னும் பல வருஷம் ஆனது. அண்ணன் கட்சிதான் சரி. பதினைந்து வயதில் அந்தத் திமிர் பிடித்தவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அத்தை கிளம்பிப் போன அந்தப் புதன்கிழமை சாயங்காலம், நாம ஜெயிச்சுட்டோம்பா என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

"முன்னாடி நீ கேட்டதை ஏம்மா வெட்டின?"

"என் குரல் நல்லா இல்லப்பா. எல்லாரும் சிரிக்கிறாங்க."

கொஞ்ச நேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். "உன் குரலுக்கு என்னம்மா கொறச்சல்?" என்றார். "அது இருந்திருக்கலாம்."

அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். குதித்துக்கொண்டு எழுந்து போய், அன்றைக்கே குழுவில் என் சொந்தக் குரலில், என்னை எவனும் இனிமேல் சுண்டெலி என்று சொல்லக்கூடாது, எங்கப்பாவுக்கே என் குரல் பிடிக்கும் என்று ஒரு ஆடியோ போட்டேன்.